பருத்திக் காயின் 50 நாள்: பஞ்சின் தரம் எங்கே முடிவாகிறது?

பருத்தி ஏலக் கொட்டகையில் ஒரு மூட்டையை மதிப்பிட வியாபாரிக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. மூட்டையின் நடுவில் கைவிட்டு ஒரு பிடி உருவுவார். கொட்டையை விலக்கிவிட்டு, பஞ்சை இரு கைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே இழுத்து இழையின் நீளம் பார்ப்பார். ஒரு கொட்டையைப் பல்லில் வைத்துக் கடிப்பார். நொறுங்கினால் காய்ந்த சரக்கு, நசுங்கினால் ஈரம். சேலம் மாவட்டம் கொங்கணாபுரம் ஏலத்தில் பி.டி. (புழுவைக் கொல்லும் நச்சு மரபணு சேர்த்த பருத்தி), டி.சி.எச். (ஒரு வீரிய ஒட்டு), கொட்டு (கறைபட்ட, மட்டமான பருத்தி) என்று ஒவ்வொன்றும் தனித்தனியாகவே விலை போகின்றன. ஒரே ஊரில், ஒரே ரகத்தை, ஒரே வாரத்தில் பறித்த இருவரின் மூட்டைகளுக்குக்கூட ஒரே விலை கிடைப்பதில்லை. கேட்டால் "சரக்கு அப்படி" என்பார்கள்.

அந்தச் சரக்கின் குணத்தில் பெரும்பங்கு, பறிப்பதற்கு வெகு முன்பே, பூ விரிந்த நாளுக்கும் காய் வெடிக்கும் நாளுக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 50 நாளில் முடிவாகிவிடுகிறது. இழையின் நீளம் ஒரு வாரக்கணக்கில், அதன் முதிர்ச்சி வேறொரு வாரக்கணக்கில், நிறம் கடைசி நாட்களில். எது எப்போது முடிவாகிறது என்று தெரிந்தால், உரம், தண்ணீர், நுனி கிள்ளுதல், பூச்சிக் கண்காணிப்பு எல்லாவற்றுக்கும் ஏன் குறிப்பிட்ட நாள் சொல்லப்படுகிறது என்பதும் விளங்கிவிடும்.

ஒரே ஒரு செல்

சணல், புளிச்சை ஆகியவற்றின் நார், தண்டின் பட்டையில் பல செல்கள் ஒட்டிக்கிடக்கும் கற்றை. பருத்தி இழையின் பிறப்பு வேறு. விதையின் மேல்தோலில் இருக்கும் ஒரே ஒரு செல் வெளிப்பக்கம் புடைத்து, நீண்டு, சுவர் தடித்து ஓர் இழையாகிறது. பூ விரியும் நாளையொட்டியே இந்தப் புடைப்பு தொடங்கும். மேல்தோல் செல்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இப்படி மாறும். ஒரு விதைக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இழைகள். முதல் இரண்டு மூன்று நாளில் கிளம்புபவை நீண்ட பஞ்சாகின்றன. சில நாள் தாமதித்துக் கிளம்புபவை நீளாமல் நின்றுபோய், அறவைக்குப் (பஞ்சையும் கொட்டையையும் பிரிக்கும் வேலைக்குப்) பிறகும் கொட்டையைவிட்டுப் பிரியாத குறும்பஞ்சாகின்றன.

முதல் 20 முதல் 25 நாள் நீள்வதற்கான காலம். அப்போது செல்லின் சுவர் மிக மெல்லியது. உள்ளே பொட்டாசியமும் சர்க்கரையும் கரிம அமிலமும் சேர்ந்து தண்ணீரை இழுத்துக்கொள்ள, அந்த அழுத்தத்தில்தான் செல் நீள்கிறது. தண்ணீரோ சாம்பல் சத்தோ (பொட்டாசியம்) குறைந்தால் அழுத்தம் இறங்கும், இழை குட்டையாகிவிடும். அந்த நாட்கள் கடந்தபின் எவ்வளவு பாய்ச்சினாலும் இழை ஒரு மில்லிமீட்டர்கூடக் கூடாது. 30 மி.மீ. நீள இழையின் அகலம் 15 முதல் 20 மைக்ரான் மட்டுமே, அதாவது அகலத்தைப்போல் 1,500 மடங்குக்கும் மேல் நீண்டு நிற்கும் ஒற்றைச் செல் அது.

நீட்சி முடியும் தறுவாயில், 16 முதல் 20-ஆம் நாள்வாக்கில், தடிப்பு தொடங்கும். இலை அனுப்பும் சர்க்கரை, சுவரின் உட்பக்கத்தில் படலம் படலமாக செல்லுலோஸாகப் படிகிறது. காய் வெடிக்கும்வரை இது நடக்கும். முதிர்ந்த இழையில் 90 சதவீதத்துக்கும் மேல் செல்லுலோஸ்தான். வெயில் குறைவு, இலை உதிர்வு, இரவில் கடுங்குளிர் ஆகிய எல்லாமே இந்தப் படிவைக் குறைக்கும். காய் வெளித்தோற்றத்தில் 25-ஆம் நாளிலேயே முழு அளவை எட்டிவிடுவதால் "காய் பிடித்துவிட்டது, இனி வேலையில்லை" என்று தோன்றும். உண்மையில் எடை ஏறுவதில் பெரும்பகுதி அதற்குப் பிறகுதான்.

காய் வெடித்ததும் இழை காய்ந்து, உள்ளிருந்த தண்ணீர் போய், காற்றுப்போன ரப்பர் குழாயாகத் தட்டையாகி முறுக்கிக்கொள்ளும். நூற்கும்போது இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதற்கு இந்த முறுக்கு உதவுகிறது. சுவர் போதிய அளவு தடிக்காத இழை முறுக்கேறாது. சப்பையாக மடிந்து, மற்ற இழைகளோடு சிக்கிச் சிறு முடிச்சாகும். சாயமும் சரியாக ஏறாது. அடர்நிறத் துணியில் ஆங்காங்கே வெளிறிய புள்ளிகள் தெரிவதற்கு முதிராத பஞ்சு ஒரு முக்கியக் காரணம்.

ஆலைக்காரர்கள் இதை மைக்ரோனேர் என்ற எண்ணால் அளக்கிறார்கள். குறிப்பிட்ட எடைப் பஞ்சை அழுத்தி, அதனூடே காற்று எவ்வளவு எளிதாகப் போகிறது என்று பார்க்கும் சோதனை. 3.5-க்குக் கீழே இறங்கினால் முதிர்ச்சி போதவில்லை என்ற சந்தேகம், 4.9-க்கு மேலே போனால் இழை தடிமன். ஆனால் ரகம் தெரியாமல் இந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு முடிவு சொல்லக் கூடாது. இயல்பிலேயே மெல்லிய இழை கொண்ட மிகநீள ரகம் முழுதாக முதிர்ந்தும் குறைந்த எண் காட்டலாம்.

ரகம் வரைந்த எல்லை

உழவு முறையால் எட்டக்கூடிய உச்சத்தை ரகம் முன்பே வரைந்துவிடுகிறது. கோவில்பட்டி கரிசலின் கருங்கண்ணி நாட்டுப் பருத்தி. செல்லுக்கு 26 குரோமோசோம். இழை ஏறத்தாழ 22 முதல் 24 மி.மீ., சற்று முரடு. மானாவாரியில் வறட்சியையும் சாறு உறிஞ்சும் பூச்சிகளையும் தாங்கும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த கம்போடியா பருத்தி அமெரிக்க இனம், 52 குரோமோசோம். அதனோடு உகாண்டா பருத்தியைச் சேர்த்து உருவாக்கிய வரிசைதான் எம்.சி.யு. (மெட்ராஸ் கம்போடியா உகாண்டா). அதில் எம்.சி.யு. 5 நீள இழைக்குப் பெயர் பெற்றது. கோயம்புத்தூரில் 1974-இல் வந்த சுவின், சுஜாதா ரகத்தையும் மேற்கிந்தியத் தீவுகளின் செயின்ட் வின்சென்ட் பருத்தியையும் இணைத்த ரகம், 37 மி.மீ.க்கும் மேல் நீளம், மிக மெல்லிய நூலுக்கு ஏற்றது. அது வயலில் நெடுநாள் நிற்கும், பராமரிப்பு அதிகம். அதனால்தான் பரப்பு சுருங்கிப்போனது. கொங்கணாபுரத்து டி.சி.எச். என்பது தார்வாடில் உருவான டி.சி.எச். 32, அமெரிக்க இனத்தையும் எகிப்திய இனத்தையும் சேர்த்த வீரிய ஒட்டு. இன்று பரப்பில் பெரும்பகுதி பி.டி. வீரிய ஒட்டுகளிடம் இருக்கிறது.

கருங்கண்ணியின் குட்டை இழையை இன்றைய அதிவேக நூற்பு எந்திரங்கள் விரும்புவதில்லை; அதற்காக அதை மட்டம் என்று தள்ளுவது சரியல்ல. ஒரு மழை தவறினாலும் ஏதாவது கைக்குக் கொடுக்கிற பயிர் கரிசலில் வேண்டியிருக்கிறது. மகசூல் நன்றாக இருக்கும் ஆண்டை வைத்து மட்டும் ரகங்களை ஒப்பிடுவது மானாவாரிக்காரருக்கு உதவாத கணக்கு.

செடி ஒன்று, காய்களின் வயது பல

பருத்திச் செடியில் இருவகைக் கிளைகள். அடிக் கணுக்களில் கிளம்பித் தண்டைப்போல நிமிர்ந்து வளர்பவை இலைக்கிளைகள். அவற்றில் நேரடியாகக் காய் வராது. ஐந்தாறு கணுவுக்கு மேலே பக்கவாட்டில் வளைந்து வளைந்து போகிறவை காய்க்கிளைகள். விதைத்த 35 முதல் 45 நாளில் முதல் காய்க்கிளையில் சப்பை (பூ மொட்டு) தெரியும். சப்பை பூவாக மூன்று வாரத்துக்குச் சற்று மேலாகும். வெளிர்மஞ்சளாக விரிந்த பூ மறுநாள் சிவந்து, வாடி விழும்.

சப்பைகள் வரும் வரிசைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. அமெரிக்கப் பருத்தியில் ஒரு காய்க்கிளையின் முதல் இடத்தில் பூ விரிந்தால், அதற்கு மேல் உள்ள கிளையின் முதல் இடத்தில் ஏறத்தாழ 3 நாள் கழித்து விரியும். அதே கிளையின் இரண்டாம் இடத்தில் விரிய ஏறத்தாழ 6 நாள். ஆகவே எந்த ஒரு நாளிலும் செடியில் சப்பை, பூ, ஐந்து நாள் பிஞ்சு, இருபது நாள் காய், வெடிக்கப்போகும் காய் எல்லாமே இருக்கும். ஒரு வாரம் தண்ணீர் தவறினால் ஐந்து நாள் பிஞ்சு உதிரும், பதினைந்து நாள் காயில் இழை குட்டையாகும், முப்பது நாள் காயில் தடிப்பு குறையும். ஒரே மூட்டையில் நீளமும் குட்டையும் கலந்து வருவதற்கு இதுவே காரணம். அதைப் பறிப்பில் சரிசெய்ய முடியாது.

தண்டை ஒட்டிய முதலிடத்துக் காய்கள்தாம் எடையிலும் முதிர்ச்சியிலும் முதல் தரம். ஓரத்துக் காய்களும் உச்சிக் காய்களும் சிறுத்து, பின்தங்கி, குளிரிலும் புழுவிலும் மாட்டும். ரகங்களில் 75 முதல் 80 நாள்வாக்கில் 15-ஆம் கணுவிலும், வீரிய ஒட்டில் 85 முதல் 90 நாள்வாக்கில் 20-ஆம் கணுவிலும் தண்டின் நுனியைக் கிள்ளச் சொல்வது இதனால்தான். உச்சிக்குப் போகும் சர்க்கரை கீழே இருக்கும் காய்களுக்குத் திரும்பும். கிள்ளுவது ஒரு அங்குல நுனியைத்தான். கைநிறைய ஒடித்தால் இலைப்பரப்பு போய் நோக்கமே கெட்டுவிடும்.

இடைவெளிக் கணக்கும் இங்கேதான் வருகிறது. வீரிய ஒட்டை 120-க்கு 60 செ.மீ. நட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ 5,600 செடி. 10 குவிண்டால் எடுக்க, காய்க்கு 5 கிராம் என்றால் 2 லட்சம் காய் வேண்டும். செடிக்கு 35-க்கும் மேல். அத்தனை காயும் முடிய இரண்டு மாதத்துக்கும் மேலாகப் பூத்துக்கொண்டே இருக்க வேண்டும். கோ 17 போன்ற, இலைக்கிளை இல்லாத ஒடுக்கமான ரகத்தை 100-க்கு 10 செ.மீ. நட்டால் ஏக்கருக்கு 40,000 செடி. காய் 4 கிராமே ஆனாலும் செடிக்கு ஆறேழு காய் போதும். எல்லாமே தண்டை ஒட்டிய இடத்தில், வயதும் கிட்டத்தட்ட ஒன்று. பூக்கும் காலம் சுருங்குவதால் புழுவுக்குக் கிடைக்கும் காலமும் சுருங்குகிறது. விதைச்செலவு கூடும் என்பது ஒரு தடை. பெரிதாக வளரும் வீரிய ஒட்டை நெருக்கி நட்டுவிட்டு, வளர்ச்சி ஒடுக்கியும் தெளிக்காமல் விட்டால் வெயில் உள்ளே போகாமல் அடிக்காய் அழுகும். நெருக்கம் ரகத்தோடு சேர்ந்தே வர வேண்டும்.

முதல் 40 நாள்

இறவையில் ஆடி ஆவணியும் மாசியும், மானாவாரியில் புரட்டாசியும் விதைப்புக் காலங்கள். கரிசலில் பருவமழைக்கு ஓரிரு வாரம் முன்பே காய்ந்த மண்ணில் 5 செ.மீ. ஆழத்தில் விதைப்பது வழக்கம். ஆழம் குறைந்தால் ஒரு தூறலுக்கே முளைத்துவிட்டு அடுத்த மழை வராமல் கருகும்.

குறும்பஞ்சு ஒட்டிய சொந்த விதை என்றால் அதை நீக்கியாக வேண்டும். பிளாஸ்டிக் வாளியில் 1 கிலோ விதைக்கு 100 மி.லி. அடர் கந்தக அமிலம் விட்டு, மரக்குச்சியால் இரண்டு மூன்று நிமிடம் விடாமல் கிளற வேண்டும். விதை காப்பிக்கொட்டை நிறமானதும் தாமதிக்காமல் நிறையத் தண்ணீர் விட்டு நாலைந்து முறை கழுவி, மிதப்பதைக் கொட்டிவிட்டு, மூழ்கியதை நிழலில் உலர்த்த வேண்டும். கிளறும் நேரம் நீண்டால் விதையின் தோல் வெந்து முளைப்பு போகும். குறைந்தால் பஞ்சு நிற்கும். தகரம், இரும்புப் பாத்திரம் ஆகாது. கையுறை இல்லாமல் தொடவே கூடாது. பி.டி. விதைப் பாக்கெட்டுக்கு இந்த வேலை இல்லை.

உரத்தில் எம்.சி.யு. 5 போன்ற ரகங்களுக்கு எக்டருக்கு 80:40:40 கிலோ தழை (நைட்ரஜன்), மணி (பாஸ்பரஸ்), சாம்பல் சத்து. வீரிய ஒட்டுக்கு 120:60:60. தழைச்சத்தைப் பிரித்துப் போட வேண்டும்: ரகத்துக்கு அடியுரமாகப் பாதி, 45 நாள்வாக்கில் மீதி, வீரிய ஒட்டுக்கு மூன்று தவணை. யூரியாவை ஒரேயடியாக அள்ளிப் போட்ட வயலில் செடி தோள் உயரம் போகும், இலைக்கிளை கொழுக்கும், தத்துப்பூச்சி ஏறும், காய் பின்தள்ளும். பச்சைப்பசேலென்று நிற்கும் பருத்தி அண்டை வயல்காரர் கண்ணுக்கு அழகு. அறுவடைக் கணக்கில் அப்படி இருப்பதில்லை.

தத்துப்பூச்சி அடித்தால் இலை ஓரம் மஞ்சளாகி, கீழ்நோக்கிச் சுருண்டு, சிவந்து கருகும். பி.டி. நச்சு புழுக்களுக்கு மட்டுமே. சாறு உறிஞ்சிகளை அது தொடாது. இலையில் மயிர் அடர்ந்த ரகத்தில் தத்துப்பூச்சி குறையும், ஆனால் வெள்ளை ஈக்கு அதுவே பிடித்த இடம். இரண்டுக்கும் சேர்த்துத் தப்பிக்கும் இலை கிடைப்பது அரிது.

உதிர்வு: எது இயல்பு, எது இழப்பு

உருவான சப்பை, பிஞ்சுகளில் பாதிக்கு மேல் உதிர்வது பருத்தியின் இயல்பு. தான் ஊட்ட முடிகிற அளவுக்கே செடி காயை வைத்துக்கொள்ளும். பூ விரிந்து பத்துப் பன்னிரண்டு நாள் தாண்டிய காய் பெரும்பாலும் உதிர்வதில்லை. மேகமூட்டம் தொடர்ந்தால் சர்க்கரை உற்பத்தி குறைந்து உதிர்வு கூடும். வயலில் தண்ணீர் நின்றால் வேருக்குக் காற்று கிடைக்காமல், எத்திலீன் என்ற வாயு ஏறி, காம்படியில் பிரிவுப் படலம் உருவாகிக் காய் கொட்டும். டெல்டாவில் சம்பா அறுவடைக்குப் பின் திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கம் போடும் பருத்தியில் கோடைமழை இதைத்தான் செய்கிறது. வடிகால் வெட்டாமல் விட்ட நெல் வயலில் பருத்தி என்பது சூதாட்டம்.

கீழே கிடக்கும் சப்பையைக் கையில் எடுத்துப் பாருங்கள். துளை இருந்து, உள்ளே எச்சம் இருந்தால் புழு. துளையில்லாமல் காம்படி சுத்தமாகப் பிரிந்திருந்தால் செடியின் உடலியல். இரண்டாவதற்குப் பூச்சிமருந்து அடிப்பது வீண்செலவு. அதற்கு என்.ஏ.ஏ. வளர்ச்சி ஊக்கியை லிட்டருக்கு 40 மில்லிகிராம் அளவில், பூக்கத் தொடங்கும் தருணத்திலும் ஒரு மாதம் கழித்தும் தெளிக்கலாம். கடையில் கிடைக்கும் 4.5 சதவீதக் கரைசல் என்றால் 10 லிட்டர் டேங்குக்கு 9 மி.லி. அளவை இரட்டிப்பாக்கினால் உதிர்வு குறைவதற்குப் பதில் கூடலாம்; உப்புத் தண்ணீரில் கலக்கக் கூடாது.

நீண்ட வறட்சிக்குப் பிறகு கனமழை, உடனே கொளுத்தும் வெயில் என்றால், காய் நிறைந்த செடிகள் சில மணி நேரத்தில் தலை தொங்கும். வாடல் நோய்ப் பூசணம் என்று எண்ணிப் பூசணக்கொல்லி ஊற்றுவார்கள். பூசண வாடலில் தண்டைப் பிளந்தால் உள்ளே பழுப்புக்கோடு தெரியும்; இதில் தெரியாது. தண்ணீரை உடனே வடித்து, கோபால்ட் குளோரைடு லிட்டருக்கு 10 மில்லிகிராம் கலந்து அன்றே தெளித்தால் ஒரு பகுதி மீளும். மறுநாளுக்குத் தள்ளிப்போட்டால் பலனில்லை.

தடிக்கும் வாரங்கள்

காய் பெருக்கும்போது சாம்பல் சத்தை இழுக்கும் வேகம் வேரின் கொடுக்கும் வேகத்தை மிஞ்சிவிடும். அப்போது செடி தன் இலையிலிருந்தே எடுத்துக் காய்க்குக் கொடுக்கும். இலை ஓரம் பழுப்பேறி, முன்கூட்டியே சிவந்து விழும். மகனீசியம் குறைந்தாலும் இலை சிவக்கும். நரம்பு பச்சையாக இருக்க, இடைப்பகுதி சிவப்பது அதன் அடையாளம். மகனீசியம் சல்பேட்டை யூரியாவோடு சேர்த்து, இரண்டையும் 1 சதவீத அளவில், அதாவது 10 லிட்டருக்கு 100 கிராம் வீதம் தெளிப்பது இதற்கு மருந்து. மணிச்சத்துக்கு 2 சதவீத டி.ஏ.பி. உரக் கரைசல்: 200 லிட்டருக்கு 4 கிலோ, முதல்நாள் இரவே ஊறவைத்து, தெளிந்த மேல்நீரை மட்டும் எடுக்க வேண்டும். அடிவண்டலோடு ஊற்றினால் தெளிப்பான் முனை அடைக்கும், இலை கருகும். இலை இந்த வாரங்களில் பச்சையாக நிற்பதன் பலன் நேரடியாக மைக்ரோனேரில் தெரியும். இலை முன்னதாக உதிர்ந்த வயலில் காயின் எண்ணிக்கை குறையாமலே எடை குறைந்துபோவதற்குக் காரணமும் இதுதான்.

உள்ளே இருக்கும் புழு

இந்த வாரங்களில் வரும் பெரிய கேடு இளஞ்சிவப்புக் காய்ப்புழு. அந்துப்பூச்சி சப்பை, பூ, இளங்காய்களின் மேல் முட்டையிடும். பொரித்த புழு விரைவில் காய்க்குள் நுழைந்துவிடும்; நுழைந்த துளை ஆறி மூடிக்கொள்ளும். காய் வெளியே பச்சையாக, குறையின்றி இருக்கும். புழுவுக்கு வேண்டியது விதை. பஞ்சு வழியில் கெடுகிறது. பூவில் புகுந்தால் இதழ்கள் பின்னிக்கொண்டு விரியாமல் ரோஜா மொட்டாக நிற்கும். காயை உடைத்தால் அறையில் பாதி மஞ்சளேறி, இரண்டு கொட்டைகள் ஒட்டி நடுவே புழு. ஏலத்தில் கொட்டு என்று தனியாகக் குவிவதில் ஒரு பங்கு இதன் கைவண்ணம்.

பி.டி. பருத்தி 2002-இல் இந்தியாவில் அனுமதி பெற்றது; இரண்டு நச்சு மரபணு கொண்டது 2006-இல் வந்தது. குஜராத்தில் முதல் வகைக்கு இந்தப் புழு பழகிவிட்டதை 2010-இல் விதை நிறுவனமே ஒப்புக்கொண்டது. அடுத்த சில ஆண்டுகளில் இரண்டாம் வகையும் அதே வழியில் போனது. அமெரிக்கன் காய்ப்புழு இன்னும் பெரிதும் அடங்கியிருக்க, இது மட்டும் ஏன் தப்பியது? அமெரிக்கன் காய்ப்புழு துவரை, கடலை, தக்காளி என்று பலதையும் தின்னும். நச்சைச் சந்திக்காத புழுக்கள் எப்போதும் மிச்சம் இருக்கும். இளஞ்சிவப்புப் புழுவுக்குப் பருத்தியே கதி. 450 கிராம் பி.டி. விதையோடு கொடுக்கப்பட்ட 120 கிராம் சாதா விதையை வயலைச் சுற்றி விதைத்திருந்தால் பழகாத புழுக்களும் பெருகி, பழகியவற்றோடு கலந்திருக்கும். பெரும்பாலோர் அதைத் தூக்கிப் போட்டார்கள். இன்னொரு காரணம் அதிகம் பேசப்படுவதில்லை: இந்தியாவில் பி.டி. வந்தது வீரிய ஒட்டு வடிவில். ஒட்டின் காய்க்குள் இருக்கும் விதைகள் அடுத்த தலைமுறை. அவற்றில் மரபணு பிரிந்துபோவதால் சில விதைகளில் நச்சு இருக்காது, சிலவற்றில் ஒன்று மட்டும் இருக்கும். புழு ஒரே காய்க்குள் நச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொள்ளக் கிடைத்த பயிற்சிக்களம் அது. 180 நாளுக்கும் மேல் வயலில் நின்ற பயிர் மீதியைப் பார்த்துக்கொண்டது.

கண்காணிப்புக்கு ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி, 45-ஆம் நாளிலிருந்து. பொறிக்கு ஓர் இரவில் 8 அந்து வீதம் தொடர்ந்து 3 இரவு விழுந்தாலோ, வயலில் அங்கங்கே பறித்த 20 பச்சைக் காய்களை உடைத்ததில் 2-இல் புழு இருந்தாலோ தெளிக்கும் நேரம் வந்துவிட்டது. காயை உடைத்துப் பார்க்காமல் வெளியே சுற்றி வந்து "புழு இல்லை" என்று சொல்வதில் பயனில்லை. பொறியில் உள்ள கவர்ச்சிக் குப்பியை மூன்று நான்கு வாரத்துக்கொரு முறை மாற்றாவிட்டால் பொறி காலியாகவே தொங்கும், மனசும் நிம்மதியாக இருக்கும், காய் போய்விடும். பொரித்த புழு உள்ளே போனபின் எந்த மருந்தும் எட்டாது என்பதால், தெளிப்பு முட்டைக்கும் அந்துக்கும்தான்.

வெடித்த பிறகு

காய் வெடித்ததும் நீளமும் முதிர்ச்சியும் முடிந்த கதை. இனி நிறமும் சுத்தமும் மட்டுமே கையில். வெள்ளை ஈயும் அசுவினியும் கடைசிக் கட்டத்தில் பெருகினால் அவற்றின் தேன்கழிவு விரிந்த பஞ்சின் மேல் சொட்டும். பஞ்சு பிசுபிசுக்கும், மேலே கரும்பூசணம் படரும். கண்ணுக்குத் தெரியாத அளவு ஒட்டிய சர்க்கரைகூட நூற்பு உருளைகளில் பஞ்சைச் சுற்றவைத்து எந்திரத்தை நிறுத்தும். அப்படிப்பட்ட சரக்கை ஆலை ஒருமுறை வாங்கிச் சூடுபட்டால், அந்தப் பகுதிப் பருத்திக்கே விலை இறங்கும். காய் வெடிக்கத் தொடங்கியபின் பாசனத்தையும் நிறுத்திவிடுவது நல்லது. தண்ணீர் கொடுத்தால் புதுத்தளிர் வந்து அதே பூச்சிகளுக்கு விருந்தாகும்.

பறிப்பு வாரம் பத்து நாளுக்கொரு முறை, காலையில், 10 அல்லது 11 மணிக்குள். வெயில் ஏறியபின் காய்ந்த இலையும் பூவடிச் செதிலும் கைபட்டதும் நொறுங்கிப் பஞ்சில் ஒட்டும், பிரித்தெடுக்க முடியாது. காலைப் பனியில் அவை துவண்டிருக்கும். ஆனால் அதே பனி ஈரத்தோடு மூட்டை கட்டினால் உள்ளே சூடேறி, பஞ்சு மஞ்சளாகி, விதை முளைப்பு போகும். நிழலில் பரப்பி உலர்த்த வேண்டும். ஈரம் 8 சதவீதம் உத்தமம். 12 சதவீதத்தைத் தாண்டினால் இந்தியப் பருத்திக் கழகக் கொள்முதலில் எடுக்க மாட்டார்கள். எடைக்காகத் தண்ணீர் தெளிப்பவரும் இருக்கிறார்கள்; கொட்டையைக் கடித்துப் பார்க்கும் வழக்கம் சும்மா வரவில்லை.

பாதி விரிந்த காயை அவசரப்பட்டுப் பறித்தால் முதிராத பஞ்சு நல்லதோடு கலந்துவிடும். கறைபட்டது, புழு தின்றது, கடைசிப் பறிப்பில் வந்தது மூன்றையும் வயலிலேயே தனிப்பையில் போட்டுவிட வேண்டும். கொட்டு கொஞ்சமே கலந்தாலும் முழு மூட்டைக்கும் கொட்டு விலைதான் பேசுவார்கள். பை துணிப்பையாக இருக்கட்டும். உரச்சாக்கின் பிளாஸ்டிக் இழை பஞ்சோடு நூலாகி, துணியாகி, சாயத் தொட்டியில் நிறம் ஏறாமல் நிற்கும்போதுதான் கண்ணில் படும்; அதற்குள் பல நூறு மீட்டர் துணி பாழாகியிருக்கும்.

கொட்டையும் மாரும்

100 கிலோ பருத்தியை அறைத்தால் ஏறத்தாழ 34 கிலோ பஞ்சு, மீதியில் பெரும்பகுதி கொட்டை. எடையில் பார்த்தால் பருத்தி என்பது நாரைவிட அதிகமாக விதை தரும் பயிர். கொட்டையில் எண்ணெய் உண்டு, புண்ணாக்கு உண்டு. கறவை மாட்டுக்கு ஊறவைத்து ஆட்டிக் கொடுப்பது பழைய வழக்கம். கொட்டையின் கரும்புள்ளிச் சுரப்பிகளில் உள்ள காசிபால் என்ற நச்சை அசைபோடும் மாட்டின் வயிறு பெரிதும் முறித்துவிடும். கோழிக்கும் பன்றிக்கும் அந்த வசதி இல்லை. மதுரைத் தெருக்களில் கிடைக்கும் பருத்திப்பால், கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பிழிந்த பாலை அரிசிமாவு, கருப்பட்டி, சுக்கு, ஏலக்காயோடு கொதிக்கவைத்தது. அதற்கு அறவை ஆலைக் கொட்டைதான் சரி. விதைப்புக்கென்று நிறமேற்றி வரும் விதையில் பூச்சிக்கொல்லி பூசியிருக்கும். மிஞ்சியதை மாட்டுக்கும் வைக்கக் கூடாது.

கடைசிப் பறிப்பு முடிந்ததும் ஆட்டை ஓட்டி மேயவிட்டால் மிச்சக் காய்களும் அவற்றுக்குள் இருக்கும் புழுக்களும் ஒழியும். பிறகு பருத்திமாரை, அதாவது பறித்து முடிந்த செடியை, வேரோடு பிடுங்க வேண்டும். "இன்னும் நாலு காய் வரும்" என்று தண்ணீர் விட்டு மறுதளிர் எடுப்பவர் வயலில்தான் அடுத்த ஆண்டுப் புழு வளர்கிறது. இளஞ்சிவப்புப் புழு வெடிக்காத காயிலும் இரட்டைக் கொட்டையிலும் மாரிலும் உறக்கநிலையில் கிடந்து, அடுத்த பட்டத்துச் சப்பை வரும் நேரத்துக்கு எழும். விறகுக்கென்று வரப்போரம் அடுக்கிய பருத்திமாரை அடுத்த விதைப்புக்கு முன்பே எரித்துத் தீர்க்க வேண்டும், அல்லது தூளாக்கி மட்கவைக்க வேண்டும். அறவை ஆலை முற்றத்தில் தேங்கும் கொட்டைக் குவியலுக்கும் இது பொருந்தும். ஆலையை ஒட்டிய வயல்களில் பொறி வைத்தால் மற்ற வயல்களுக்கு முன்பாகவே அந்து விழத் தொடங்கும்.